தவறிய பிடித்தம் யார் கணக்கில்? திருநள்ளாறு கொம்யூனில் மாடு வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

திருநள்ளாறு, சேத்தூர், அம்பகரத்தூர், சுரக்குடி, நல்லம்பல், பேட்டை, செல்லூர் என்று நம் கொம்யூன் முழுக்கக் கறவை மாடு வைத்துப் பிழைக்கும் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்:

“மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?” என்று கேட்டால் உங்களில் பலர் சட்டென்று சொல்லும் பதில், “இருக்கு, பேங்க்லயே புடிச்சுக்குவாங்க” என்பது. இந்த வருஷத்துப் பணத்தைப் பிடித்தார்களா என்று அடுத்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. பாஸ்புக்கைப் பார்க்கணும் என்கிறீர்கள், அல்லது பையன் வந்தால்தான் தெரியும் என்கிறீர்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அதைப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். பிடிக்கப்படவில்லை என்று தெரிந்தால் யாரிடம் எழுதிக் கேட்பது, எதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதையும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்ததை முதலில் கேளுங்கள். குழுக் கடனில் வாங்கிய ஜெர்சி கலப்பின மாடு. கடன் கொடுத்தபோதே முதல் வருஷத்துக்குப் பாலிசி போட்டு, காதில் வில்லை அடித்து, அடுத்தடுத்த வருஷங்களுக்குக் கணக்கிலிருந்தே பணத்தை எடுத்துக்கொள்ளக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் வருஷம் ஆவணியில் எடுத்திருக்க வேண்டும். கணக்கில் பால் பணம் இருந்தது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேட்கவே இல்லை, அதனால் வங்கி அனுப்பவும் இல்லை. தபாலோ மெசேஜோ வரவில்லை. கார்த்திகையில் ஒரு ராத்திரி கொட்டகைக்குள் பாம்பு புகுந்து மாட்டைத் தீண்டிவிட்டது. விடிவதற்குள் மாடு போய்விட்டது. டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை செய்தார். வில்லையும் பத்திரமாக இருந்தது. எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு போனால், “பாலிசி ஆவணியோட முடிஞ்சிருச்சு, புதுப்பிக்கலை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. தை மாதத்தில் அதே கணக்கிலிருந்து பிரீமியத்தை எடுத்தார்கள். வந்த பாலிசித் தாளில் காப்புக்காலம் ஆவணியிலிருந்து தொடங்குவதாகப் போட்டிருந்தது. மாடு செத்த கார்த்திகையும் அந்தக் காலத்துக்குள் அடக்கம். “செத்த மாட்டுக்கா பணம் எடுத்தாங்க?” என்று அந்த அக்கா கேட்டபோது எங்கள் யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தாளையும், ஆவணி மாதம் கணக்கில் பணம் இருந்ததைக் காட்டும் பாஸ்புக் பக்கத்தையும் இணைத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். பல மாதம் கழித்துப் பணம் வந்தது. அதற்குள் அவர் வட்டிக்கு வாங்கி வேறு மாடு பிடித்திருந்தார். அந்த வட்டியை யாரும் தரவில்லை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் முதல் பாதி நமக்குப் பாதகமானது. 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 64வி.பி. என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிரீமியம் கைக்கு வராமல் எந்த நிறுவனமும் பொறுப்பை ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம். பணமாகக் கட்டினாலும் காசோலையாகக் கொடுத்தாலும் கொடுத்த நாளுக்கு முன் காப்பு தொடங்காது. மணியார்டரோ, தபாலில் போகும் காசோலையோ என்றால் அஞ்சலகத்தில் கட்டிய, தபாலில் சேர்த்த நாள் கணக்கு. கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று ஒரு கார் விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்புச் சொன்னது. ஆகவே “அவங்கதானே எடுக்கலை, நம்ம தப்பு என்ன” என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட முடியாது. எடுக்கப்படாத பணம் உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கிறது என்று தோன்றும். அந்த நாட்களில் மாடு காப்பில்லாமல் நிற்கிறது.

மனிதர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் தவணை தவறினால் சலுகை நாட்கள் உண்டு. மாதத் தவணை என்றால் 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். அதை நினைத்துக்கொண்டு மாட்டுப் பாலிசிக்கும் அப்படி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் தாளில் எழுதியிருந்தால்தான் உண்டு.

இனி நமக்குச் சாதகமான பாதி. பணத்தை வசூலித்துச் சேர்க்கும் வேலையை நிறுவனம் யாரிடம் ஒப்படைத்ததோ, அவர் தவறினால் அந்தத் தவறு நிறுவனத்தையே சேரும். டெல்லியின் மின் விநியோக நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் சம்பளத்தில் பிரீமியம் பிடிக்கும் திட்டத்தின்கீழ் எல்.ஐ.சி. பாலிசி எடுத்திருந்தார். பிரீமியம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அவர் இறந்தபின் பாலிசி காலாவதியாகிவிட்டது என்று எல்.ஐ.சி. கைவிரித்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த வசூல் வேலையைப் பொறுத்தவரை முதலாளியான மின் நிறுவனம் எல்.ஐ.சி.யின் முகவர்தான், ஒப்பந்தச் சட்டத்தின் 182-ஆம் பிரிவு அதற்குப் போதும், எனவே எல்.ஐ.சி. பணம் தர வேண்டும் என்றது. 2005-இல் அதே மாதிரியான இன்னொரு வழக்கிலும் எல்.ஐ.சி.க்கு எதிராகவே தீர்ப்பு வந்தது.

இந்தத் தீர்ப்புகளை நம் மாட்டுக் கொட்டகைக்கு அப்படியே கொண்டுவந்துவிட முடியாது. அவை ஆயுள் காப்பீட்டு வழக்குகள், சம்பளப் பிடித்தத் திட்டம் பற்றியவை. ஆனால் அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பணத்தைப் பிடித்து அனுப்பும் வேலையை யார் யாருக்குக் கொடுத்தார்கள்? நிறுவனம் ஒரு முகவரையோ சொசைட்டியையோ வசூலுக்கு வைத்திருந்தால் தவறு நிறுவனத்தின் பக்கம். கடன் ஒப்பந்தத்தில், மாட்டுக்கு வருஷா வருஷம் காப்பீடு செய்து செலவைக் கணக்கில் எழுதுவோம் என்று வங்கி எழுதியிருந்தால் வங்கி பதில் சொல்ல வேண்டும். எடுத்துக்கொள்ள அனுமதிக் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு நிறுவனமே வங்கிக்குக் கோரிக்கை அனுப்பாமல் விட்டிருந்தால், பணத்தோடு தயாராக இருந்தவர் நீங்கள், வாங்கத் தவறியவர் அவர்கள். இதை நிரூபிக்க உங்களிடம் இருக்க வேண்டியது ஒன்றுதான்: பிடிக்க வேண்டிய நாளில் கணக்கில் பணம் இருந்தது என்பதற்கு வங்கி அச்சடித்துத் தந்த பக்கம்.

இப்போது இந்த மடலின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிடித்தம் தவறியது தெரிந்தபின் நிறுவனம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்யும். பாலிசி போய்விட்டது, புதிதாக எடுங்கள் என்று சொல்லும், இல்லாவிட்டால் விட்டுப்போன பாக்கியைக் கட்டுங்கள் என்று கேட்கும், அல்லது எங்கள் பக்கத்து வீட்டில் நடந்ததுபோல் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வழிதான் ஆபத்தானது, ஏனென்றால் அது நியாயம்போலத் தெரிகிறது. நாமும் கடன் வைக்கக் கூசுகிறவர்கள். பாக்கி என்று யாராவது சொன்னால் உடனே கட்டிவிடுவோம்.

கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். “பணம் பிடிக்கப்படாமல் இருந்த இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என் மாட்டுக்குக் காப்பு இருந்ததா, இல்லையா?” இருந்தது என்று எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்கான பிரீமியம் அவர்களுக்குச் சேர வேண்டியதுதான், சந்தோஷமாகக் கட்டுங்கள். இல்லை என்றால், பொறுப்பே ஏற்காத நாட்களுக்குப் பிரீமியம் கேட்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அப்போது புது பாலிசி பணம் எடுத்த நாளிலிருந்து முழுசாகப் பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும். ஆவணித் தேதியைப் போட்டுவிட்டுத் தையில் பணம் எடுத்தால், ஒரு வருஷத்துக்கான பணத்தை வாங்கிக்கொண்டு ஏழு மாதத்துக்குத்தான் காப்பு தருகிறார்கள் என்று அர்த்தம். பழைய தேதியையும் போட்டுக்கொண்டு, இடையில் செத்த மாட்டுக்குப் பணமும் இல்லை என்று சொல்வதை எந்த அதிகாரி சொன்னாலும் ஏற்காதீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் அவர்கள் சொல்ல முடியும். எதைச் சொல்கிறார்கள் என்பது அவர்கள் கையெழுத்தோடு உங்களிடம் இருக்க வேண்டும். தொலைபேசியில் ஒரு பெண் கனிவாகப் பேசி “கண்டினியூட்டி இருக்கும் சார்” என்று சொன்னது நாளைக்கு எந்த மேசையிலும் செல்லாது.

ஏன் இப்படித் தவறுகிறது என்று நான் விசாரித்தவரையில் காரணங்கள் சின்னச் சின்னவை. பிடித்தத்துக்குக் கொடுத்த அனுமதிக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது, அது நமக்குத் தெரிவதில்லை. ஆதாரில் ஒரு மாதிரியும் பாஸ்புக்கில் ஒரு மாதிரியும் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. 2020 ஏப்ரல் 1-இல் பல பொதுத்துறை வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்ததில் கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின. பழைய எண்ணோடு எழுதிக் கொடுத்த அனுமதிகளைப் புதுப்பிக்கவேண்டி வந்தது. அரசுத் திட்டத்தின்கீழ் போட்ட பாலிசி என்றால் இன்னொன்றும் உண்டு. எந்த நிறுவனம் காப்பீடு தர வேண்டும் என்பதை அரசு டெண்டர் வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. அடுத்த முறை வேறு நிறுவனம் வந்தால் பழையவர் உங்கள் கணக்கைத் தொடமாட்டார், புதியவருக்கு உங்களைத் தெரியாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது தொலைபேசி எண். உங்கள் பாலிசித் தாளை எடுத்து அதில் அச்சாகியிருக்கும் கைபேசி எண் யாருடையது என்று பாருங்கள். படிவத்தை நிரப்பிய முகவர் தன் எண்ணையே எழுதிவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது. இல்லையென்றால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் வீட்டுக்காரருடைய பழைய எண்ணாக இருக்கும். பிடித்தம் தவறியது, பாலிசி முடிகிறது, வங்கி விவரம் சரியில்லை என்று எத்தனை மெசேஜ் அனுப்பினாலும் அது சாணி அள்ளுகிற உங்கள் கைக்கு வரப்போவதில்லை. “நாங்க அனுப்பிட்டோம்” என்று மட்டும் அவர்கள் கணினி சொல்லும். எண்ணை மாற்றக் கடிதம் கொடுத்து, மாற்றியதற்கான தாளையும் கேட்டு வாங்குங்கள்.

அரசுத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2005-06-இல் நாட்டில் 100 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கிய கால்நடைக் காப்பீட்டுத் திட்டம், 2014-15 முதல் தேசிய கால்நடை இயக்கத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. அதன் வழிகாட்டுதல்கள் நம்மைப்போன்ற சமவெளிப் பகுதிகளுக்கு ஓராண்டுப் பாலிசிக்கு மாட்டு மதிப்பில் 3 சதவீதம், மூன்றாண்டுப் பாலிசிக்கு 7.5 சதவீதம் என்று பிரீமியத்துக்கு உச்சவரம்பு வைத்தன. வளர்ப்பவர் பங்கு முன்பு 20 முதல் 50 சதவீதம்வரை இருந்தது. அதை 15 சதவீதமாகக் குறைக்க 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. 60,000 ரூபாய் மாட்டுக்கு அந்த உச்சவரம்பில் கணக்குப் போட்டால் ஓராண்டுப் பிரீமியம் 1,800 ரூபாய், நம் பங்கு 270 ரூபாய். மூன்றாண்டுக்கு 4,500 ரூபாய், நம் பங்கு 675 ரூபாய்.

கிடைக்கிற இடத்தில் மூன்றாண்டுப் பாலிசியே எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம், மூன்று முறை 270 ரூபாய் கட்டுவதைவிட இதில் மிஞ்சும் 135 ரூபாய் இல்லை. பணம் ஒருமுறைதான் கைமாறுகிறது, அதுவும் தொடக்கத்திலேயே. அடுத்த இரண்டு ஆவணியிலும் பிடித்தார்களா என்று பயப்பட வேண்டியதில்லை. தவறுவதற்கு அங்கே தவணையே இல்லை.

அரசின் பங்கு தாமதமானால் என்ன ஆகும் என்றும் சிலர் கேட்கிறீர்கள். முழுப் பிரீமியமும் வராமல் நிறுவனங்கள் காப்பைத் தொடங்காது என்பது திட்டம் வகுத்தவர்களுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கான பிரீமியத்தை நிறுவனத்திடம் முன்பணமாகக் கொடுத்து வைக்கலாம் என்று வழிகாட்டுதலிலேயே வழி செய்தார்கள். மாட்டை அடையாளம் கண்டு, டாக்டர் பார்த்து, மதிப்புப் போட்டு, வில்லை அடித்து, உங்கள் பங்கையும் வாங்கியபின் காப்பு தொடங்கியாக வேண்டும் என்பதே நோக்கம். அரசுப் பங்கு வரவில்லை என்ற காரணத்தை உங்கள் தலையில் யாராவது வைத்தால் அந்த வழிகாட்டுதலைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். அதே வழிகாட்டுதல்படி இழப்பீட்டுக்கு நான்கு தாள்கள் போதும்: இறந்த தகவல், பாலிசி, கோரிக்கைப் படிவம், பிரேதப் பரிசோதனை அறிக்கை. அவை சேர்ந்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீதம் கூட்டு வட்டியும் உண்டு. திட்டத்தில் சேராமல் தனியாகப் போட்ட பாலிசிக்கு இவை பொருந்தாது, அதன் நிபந்தனைகள் அதன் தாளில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கொல்லுமாங்குடியிலோ பேரளத்திலோ உள்ள சொந்தக்காரர்கள் தங்கள் ஊரில் திட்டம் இப்படி என்று சொல்வார்கள். அது தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையின் ஏற்பாடு. நமக்கு எல்லாம் புதுச்சேரி அரசின் கால்நடை பராமரிப்புத் துறை வழியாக. எல்லை தாண்டி மாடு வாங்கினால், பழைய சொந்தக்காரர் பெயரில் பாலிசி இருந்தால், அதை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள். வில்லையில் உள்ள 12 இலக்க எண் தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் சரிபாருங்கள்.

பால் சொசைட்டிகளின் செயலாளர்களுக்கும் குழுத் தலைவிகளுக்கும் இந்த இடத்தில் இரண்டு வார்த்தை. நான் முன்பு சொன்ன அதே 64வி.பி. பிரிவு, பிரீமியம் வாங்கிய முகவர் அதை விடுமுறை நாள் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் முழுசாக நிறுவனத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது. தன் கமிஷனைக்கூட அதில் கழித்துக்கொள்ள முடியாது. நீங்கள் முகவர் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இருபது பேரிடம் வாங்கிய பணத்தை “எல்லாரும் கொடுக்கட்டும், சேர்த்துக் கட்டிடலாம்” என்று நோட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். முதலில் கொடுத்தவளின் மாடு கடைசியில் கொடுப்பவருக்காகக் காத்திருக்கக் கூடாது. பணம் வாங்கினால் தேதியோடு ரசீது கொடுங்கள். சிறு துண்டுக் காகிதமானாலும் சரி.

வீட்டில் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வேறு நாயோ வளர்க்கிற தம்பிகள் சிலரும் இப்போது கைபேசியிலேயே காப்பீடு எடுக்கிறீர்கள். பஜாஜ் அலையன்ஸ் 2020-இல் நாய்களுக்கென்று பாலிசி கொண்டுவந்ததிலிருந்து இது நம் பக்கமும் பேச்சில் வந்துவிட்டது. அதே 64வி.பி. உங்களுக்கும்தான். கார்டிலிருந்தோ யு.பி.ஐ.யிலிருந்தோ தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு என்றால், எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. புதுப்பிக்கும் நாள் நெருங்கியும் அந்த அறிவிப்பு வரவில்லை என்றால், காத்திருக்காமல் நீங்களே பணத்தைக் கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். நாய்ப் பாலிசியில் இடைவெளி விழுந்தால் பணத்தைவிடப் பெரிய நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. காத்திருப்பு நாட்கள் மறுபடி முதலிலிருந்து ஓடக்கூடும், இடையில் வந்த நோயை “ஏற்கெனவே இருந்தது” என்று தள்ளிவிடவும் இடமுண்டு. அதனால் உங்களுக்கும் அதே கேள்விதான், எழுத்தில்.

எழுதியும் பதில் சரியில்லை என்றால் எங்கே போவது? முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி. அவருடைய முகவரி பாலிசித் தாளின் பின்பக்கத்திலோ கூட வந்த தாள்களிலோ இருக்கும். 14 நாளில் பதில் சொல்ல வேண்டும். காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் ‘பீமா பரோசா’ ஏற்பாட்டில் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். நிறுவனம் மறுத்துவிட்டாலோ, ஒரு மாதமாகியும் பதிலே இல்லை என்றாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். நாம் யூனியன் பிரதேசமாயிற்றே, எந்த அலுவலகம் என்று குழம்ப வேண்டாம். மாஹே கொச்சிக்கும் ஏனாம் ஹைதராபாத்துக்கும் போகின்றன. காரைக்கால் பெயர் குறிப்பிட்டே சென்னை ஆம்புட்ஸ்மேனின் எல்லையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. காணொலியில் விசாரிக்கவும் வழி இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

தவறு வங்கியுடையது என்றால் வேறு வாசல். வங்கிக்கு எழுதி 30 நாளில் தீராவிட்டால், 2021 நவம்பரில் ஒருங்கிணைக்கப்பட்ட ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் திட்டத்துக்கு எழுதலாம். விவரம் கேட்க 14448. நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. இழப்பு நடந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய்வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. யார் தவறு என்று உங்களுக்கே தெளிவில்லாதபோது வங்கிக்கும் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் ஒரே கடிதத்தின் நகலை அனுப்புங்கள். ஒருவரை ஒருவர் கைகாட்டும்போது அந்த இரண்டு பதிலும் உங்களுக்குச் சாட்சியாகும். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று அலுப்பாக இருக்கும். நம் கடற்கரை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்குப் பக்கத்தில்தான் கரை ஏறியது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா வேதாரண்யம் பக்கம் வந்தபோது டெல்டா முழுக்கக் கால்நடைகள் செத்துக் கிடந்தன. 2013-இல் கோமாரி வந்தது. பேரிடரில் செத்த கறவை மாட்டுக்கு அரசு நிவாரணம் என்று 2022-இல் திருத்திய விதிமுறை சொல்வது 37,500 ரூபாய். நல்ல கலப்பின மாட்டை அந்தப் பணத்துக்கு எந்தச் சந்தையில் வாங்க முடியும்? பேரிடராக அறிவிக்கப்படாத ஒரு சாதாரண ராத்திரியில் பாம்போ வயிறு உப்புசமோ கொண்டுபோனால் அந்த நிவாரணமும் இல்லை. சனிக்கிழமைதோறும் நம் ஊருக்கு வந்து இறங்கும் கூட்டத்துக்குக் காபியும் டீயும் நம் கொட்டகைப் பாலில்தான் போகிறது. கோயிலில் அபிஷேகத்துக்குக் கொண்டுபோகும் பாலும் அப்படித்தான். பள்ளிக்கூடப் பணம், கடன் தவணை, மருந்துச் செலவு எல்லாம் அந்த ஒரு மாட்டின் மடியிலிருந்து வருகிற வீடுகள் எத்தனை என்று நம் தெருக்களுக்குத் தெரியும்.

நம் துறையிடம் நாம் சேர்ந்து கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கொம்யூனில் உள்ள ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும், திட்டத்தில் காப்பீடு செய்த மாடுகளின் வில்லை எண்ணையும் பாலிசி முடியும் தேதியையும் எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் பெயர்கூட வேண்டாம், எண்ணும் தேதியும் போதும். ஊசி போட மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவர் தன் மாட்டின் எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நின்று பார்த்துக்கொள்வார். துறைக்கு இதற்கு ஆகும் செலவு சில தாள்தான். பிடித்தம் தவறியதை மாடு செத்தபின் தெரிந்துகொள்ளும் கொடுமை இதனால் பெருமளவு நிற்கும். மனுவை எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த பால் பட்டுவாடா நாளில் பாலிசித் தாளையும் வங்கிப் புத்தகத்தையும் சொசைட்டிக்குக் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு மூன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: காப்பு எந்தத் தேதியில் முடிகிறது, கடைசியாகப் பணம் எந்தத் தேதியில் போனது, தாளில் இருக்கும் தொலைபேசி எண் யாருடையது. இடைவெளி தெரிந்தால் அன்றைக்கே உட்கார்ந்து கடிதத்தை எழுதிவிடலாம், நான் அங்கே இருப்பேன். மனுவிலும் மறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
திருநள்ளாற்றிலிருந்து, மாடு வளர்க்கும் உங்கள் சகோதரி